காமிராவுக்காகக் குரங்கு ஆட வேண்டுமா?

ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு குரங்காட்டி வருவான். ஒரு கையில் கயிறு. மறு கையில் கோல். "ஆடுடா ராமா!" என்பான். குரங்கு குட்டிக்கரணம் போடும், சலாம் வைக்கும். குழந்தைகள் கை தட்டுவார்கள். அந்தக் கோல் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த வித்தைக்கு இப்போது சட்டத்தில் இடம் இல்லை. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் உத்தரவு போட்டது.

குரங்காட்டி போய்விட்டானா? ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பாருங்கள். குரங்குகளுக்கு எதிரே நூறு குரங்காட்டிகள் நிற்கிறார்கள்! கோலுக்குப் பதிலாகக் கையில் செல்போன், அவ்வளவுதான் வித்தியாசம்.

குரங்கு சும்மா உட்கார்ந்திருந்தால் இவர்களுக்குப் பிடிப்பதில்லை. அது தாவ வேண்டும், தொங்க வேண்டும், பல்லைக் காட்ட வேண்டும். அதற்காக ஒருவர் கை தட்டுகிறார். ஒருவர் "உர்ர்... உர்ர்..." என்கிறார். இன்னொருவர் வேர்க்கடலையை வீசுகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அப்பாவைப் பார்த்து அப்படியே செய்கிறது.

படம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஓடும் குரங்கை, தாவும் குரங்கைப் படம் பிடிப்பது அருமையான பொழுதுபோக்கு. அதை ஆட்டி வைத்துப் படம் எடுப்பதுதான் தவறு. அப்படி எடுத்த படம் பொய்ப் படமும்கூட.

சிரிப்பு அல்ல, பயம்!

எப்படிப் பொய்? சொல்கிறேன்.

குரங்கு பல்லைக் காட்டினால், "ஆகா, சிரிக்கிறது!" என்கிறோம். நம் ஊர்க் குரங்கும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சிங்கவால் குரங்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இந்த இனக் குரங்கு உதட்டை விரித்துப் பல்லைக் காட்டினால், "நான் அடங்கிப் போகிறேன், என்னை அடிக்காதே" என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். கடுவன் குரங்கு பெரிதாகக் கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. "என் கோரைப் பல்லைப் பார்த்துக்கொள்" என்ற எச்சரிக்கையாகவும் அது இருக்கும்.

கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதும் குரங்குகளிடையே சண்டைக்கு அழைப்புத்தான். நமக்கு லென்ஸ் வெறும் கண்ணாடி. குரங்குக்கு அது இமைக்காத ஒரு பெரிய கண்ணாகத் தோன்றினால் ஆச்சரியம் இல்லை.

சிம்பன்சி விஷயமும் இதுதான். அது உண்மையாக விளையாடும்போது வாய் தளர்ந்து திறந்திருக்கும். மேல் பல் அதிகம் தெரியாது. எல்லாப் பல்லும் தெரிய இளித்துக் கொண்டிருந்தால், பெரும்பாலும் அது பயந்து போயிருக்கிறது. அந்தப் படத்தைத்தான் நாம் நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிக்கிறோம்!

நடையிலும் நோய் உண்டு

இன்னொன்று கவனியுங்கள். சில மிருகங்கள் ஒரே இடத்தில் இந்தப் பக்கம் நான்கு அடி, அந்தப் பக்கம் நான்கு அடி என்று போய்ப் போய் வரும். சில உட்கார்ந்தபடியே ஆடிக் கொண்டிருக்கும். "டான்ஸ் ஆடுகிறது" என்று வீடியோ எடுக்கிறார்கள். டான்ஸ் அல்ல. அடைபட்ட வாழ்க்கையின் சலிப்பிலும் தவிப்பிலும் வரும் பழக்கம் அது. காட்டில் வாழும் மிருகம் இப்படிச் செய்வதில்லை.

உலாவ இடம் இருந்தால் இந்தத் தொல்லை குறையும். சென்னையின் மிருகக்காட்சி சாலை 1855-ல் மியூசியத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் போயிற்று. அந்த நெருக்கடியிலிருந்து 1985-ல் வண்டலூருக்கு, சுமார் 1,500 ஏக்கர் நிலத்துக்கு, அதைக் கொண்டு போனார்கள். மிருகம் தாராளமாக நடமாட இவ்வளவு இடம் ஒதுக்கிய பிறகு, அதன் நடமாட்டத்தை நாம் கூச்சல் போட்டு விரட்டி உண்டாக்குவது நியாயமா?

கடலை வீசுவது தர்மம் என்று சிலர் நினைக்கிறார்கள். நீலகிரிப் பக்கத்துக் கருமந்தி இலை தின்னும் பிராணி. இலையை ஊற வைத்துச் செரிக்கும் தனி வயிறு அதற்கு. பிஸ்கட்டும் மிட்டாயும் அந்த வயிற்றுக்கு விஷம் மாதிரி. நம்முடைய சளியும் காசமும் குரங்குக்கும் தொற்றும். மிருகக்காட்சி சாலையில் மிருகத்தைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது எல்லாம் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு.

ஓட்டத்தைப் படமாக்கியவர்

மிருகங்களின் ஓட்டத்தை முதன்முதலில் ஒழுங்காகப் படம் பிடித்தவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்று அமெரிக்காவில் ஒரு கேள்வி எழுந்தது. 1878-ல் வரிசையாகக் காமிராக்களை வைத்து, எழுகின்றன என்று காட்டினார். 1887-ல் 781 படத் தாள்களை வெளியிட்டார். அவற்றில் மிருகக்காட்சி சாலை மிருகங்களும் உண்டு. பபூன் என்ற குரங்கு நடப்பதையும் கம்பத்தில் ஏறுவதையும் பார்க்கலாம். எந்தக் கை முன்னே போகிறது, எந்தக் கால் எப்போது ஊன்றுகிறது என்று அந்தப் படம் சொல்கிறது. கோமாளி முகத்தைத் தேடி அவர் அலையவில்லை.

சரி, எப்படி எடுப்பது?

காலையில் போங்கள். உச்சி வெயிலில் குரங்கு நிழலில் படுத்திருக்கும், எழுப்புவது பாவம். பிளாஷ் வேண்டாம். கம்பி வலை இருந்தால், காவலர் அனுமதிக்கும் தூரம்வரை அருகே போங்கள். லென்ஸ் வலைக்கு நெருங்க நெருங்க, படத்தில் வலை மங்கி மறையும். கண்ணாடித் தடுப்பு என்றால் கறுப்புச் சட்டை நல்லது. வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெரியும். தாவும் குரங்குக்கு விநாடியில் 500-ல் ஒரு பங்கு, முடிந்தால் 1,000-ல் ஒரு பங்கு வேகம் வேண்டும். செல்போனில் அடுத்தடுத்துப் பல படம் எடுக்கும் வசதி இருக்கிறது, அது போதும்.

குரங்கைத் துரத்திக்கொண்டு காமிராவைத் திருப்பாதீர்கள். சிங்கவால் குரங்கு பெரும்பாலும் பழகிய வழியிலேயே போகும். எந்தக் கிளையிலிருந்து எந்தக் கயிற்றுக்குத் தாவுகிறது என்று பத்து நிமிஷம் பாருங்கள். பிறகு அந்தக் கயிற்றைக் குறி வைத்துக் காத்திருங்கள். அதற்குச் சிங்கவால் என்று பெயர் வந்தது பிடரி மயிரால் அல்ல. வால் நுனியில் உள்ள குஞ்சத்தால். தாவும்போதுதான் அந்த வால் நன்றாகத் தெரியும்.

குட்டி வைத்திருக்கும் தாய் கண்ணில் பட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். குட்டி அடிவயிற்றைக் கட்டிக் கொண்டிருக்கும். தாய் கிளம்பும்போது சில சமயம் ஒரு கையைக் கீழே கொண்டுபோய்க் குட்டியை அணைத்துக்கொள்ளும். விரலைப் பொத்தான் மேல் வைத்துக் காத்திருங்கள். அடுத்த விநாடி அது தாவிவிடும்!