உங்க லேப்டாப்ல ஓடுது... ஜூனியர் லேப்டாப்ல?

ப்ராஜெக்ட் முடிச்சாச்சு. டெமோ சூப்பர். கடைசி ராத்திரி 'ரீட்மீ' ஃபைலில், இதை எப்படி இன்ஸ்டால் பண்ணணும்னு நாலு வரி தட்டிவிட்டுத் தூங்கப் போறீங்க இல்லையா? அந்த நாலு வரியைப் பத்திதான் பாஸ் இந்த வாரம்.

நீங்க உபுண்டு பார்ட்டி. அதனால் கட்டளை எல்லாம் லினக்ஸ் பாஷையிலேயே இருக்கும். அடுத்த வருஷம் அதே ப்ராஜெக்டைத் தொடரப்போகும் ஜூனியர் விண்டோஸ் லேப்டாப்போடு வருவார். நீங்க எழுதின 'எக்ஸ்போர்ட்' வரியை அப்படியே தட்டுவார். கமாண்ட் ப்ராம்ப்ட் கையை விரிச்சுடும். அங்கே அந்த வேலைக்கு 'செட்'னு பேர். பவர்ஷெல்லில் எழுதுற விதமே வேற. உங்களுக்கு இது சப்பை மேட்டர். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக்கு? 'நமக்கு கோடிங் எல்லாம் வராது போல'ன்னு லேப்டாப்பை மூடிடுவார்.

அப்போ விண்டோஸ், மேக், லினக்ஸ்னு எல்லாத்தையும் மூணு தடவை எழுதிடலாமா? ஐயோ, வேண்டாம்! ஆறு மாசம் கழிச்சு ஒண்ணைத் திருத்துவீங்க, மத்த ரெண்டும் பழசாவே கிடக்கும்.

'ஜாங்கோ கேர்ள்ஸ்' டுடோரியலைப் பாருங்க. 2014-ல் பெர்லினில் முதல் பயிற்சிப் பட்டறை நடத்திய அமைப்போடது. கோடிங்கே தெரியாதவங்களுக்காக எழுதினது. பைதான் பாடம் எல்லாருக்கும் ஒண்ணுதான். விர்ச்சுவல் என்விரான்மென்ட் மாதிரி இடங்களில் விண்டோஸ் தனி, லினக்ஸும் மேக்கும் தனின்னு பிரியும். ஏன்னா, 'ஆக்டிவேட்' ஃபைல் விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். மத்த ரெண்டிலும் 'பின்' ஃபோல்டரில். அந்த இடம் தாண்டினதும் பாடம் மறுபடி ஒண்ணாயிடும்.

விண்டோஸ் பார்ட்டிங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்கு! படத்தோட ஃபைல் பேரில் முதல் எழுத்து கேப்பிடல், கோடில் கூப்பிடும்போது ஸ்மால். விண்டோஸ் கண்டுக்காது. மேக்கும் வழக்கமான செட்டிங்கில் அதே கட்சிதான். லினக்ஸ் சர்வரில் ஏத்தினதும் படம் அபேஸ்!

சரி, மூணு மெஷினுக்கு எங்கே போறது? ஹாஸ்டலில் பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க. நீங்க எழுதினதை மட்டும் படிச்சு இன்ஸ்டால் பண்ணச் சொல்லிட்டு, வாயைத் திறக்காம பக்கத்தில் நில்லுங்க. (இதுதான் கஷ்டமான பார்ட்!) அவர் எங்கே முழிக்கிறாரோ, அங்கே ஒரு வரி சேருங்க. யார்கிட்டயும் மேக் இல்லையா? 'உபுண்டு, விண்டோஸ் 11 ரெண்டிலும் செய்து பார்த்தது. மேக்கில் பார்க்கவில்லை'ன்னு போட்டுடுங்க. நெட்டில் சுட்ட, நீங்க ஓட்டியே பார்க்காத மேக் ஸ்டெப்பை ஒட்டுறதுக்கு இது எவ்வளவோ தேவலை. மேக் வெச்சிருக்கிற யாராவது வந்தா, என்ன பாக்கின்னு அவருக்கே தெரிஞ்சிடும்.