தக்காணத்துக்குள் ஒரு கொறங்காடு

1988-ல் ஆய்வாளர்கள் ராட்ஜர்ஸும் பன்வாரும் இந்தியாவைப் பத்து உயிர்ப்புவியியல் மண்டலங்களாகப் பிரித்தார்கள். அதில் தக்காணத் தீபகற்பம் ஒன்றே நாட்டின் பரப்பில் சுமார் 42 சதவீதம். நம் கொங்கு மண்ணும் அதற்குள் அடக்கம். 2001-ல் வந்த உலக வரைபடம் பூமியின் நிலப்பரப்பை 867 சூழல் பகுதிகளாகப் பிரித்தது. பெரிய வேலைதான், குறை சொல்ல மனம் வரவில்லை. கண்டத்தை அளக்கிறவருக்குக் காடு தெரிந்தால் போதும், வேலி தெரிய வேண்டியதில்லை.

ஆனால் கொங்கில் வேலிதான் விஷயமே. கொடுமுடியில் காவிரி கிழக்கே திரும்புகிறது. கரையோரம் காலிங்கராயன் பாசனம், மஞ்சள், கரும்பு. அங்கிருந்து முத்தூர் தாண்டி வெள்ளகோவில் பக்கம் போனால் வேறு உலகம்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், மேயும் காங்கேயம் மாடு. இதுதான் கொறங்காடு. மழை குறைந்த மண்ணில் உழவர்கள் தலைமுறையாகப் பேணிவந்த மேய்ச்சல் நிலம். பட்டா நிலம் என்பதால் வனத்துறைக் கணக்கில் காடில்லை. வெள்ளாமை இல்லாததால் பார்க்கிறவர் கண்ணுக்கு வயலுமில்லை. அப்புறம் என்ன, தரிசு! சூரியத் தகடு நட இடம் தேடுகிறவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

மண்டலக் கோடுகளை மாற்றச் சொல்லவில்லை. மாவட்ட அளவிலாவது கொறங்காட்டைத் தனி வகையாகக் குறித்து, சர்வே எண்ணோடு பதியுங்கள். வேலிக்குள் இருப்பதைக் கணக்கெடுக்கச் செயற்கைக்கோள் மட்டும் போதாது. மாட்டுக்காரரையும் கேட்க வேண்டும்.