யார் கையெழுத்து, டாக்டரம்மா?

டாக்டரம்மா, வியாழக்கிழமை ஓ.பி.யில் உங்கள் மேசை முன்னால் நின்று, வாயே திறக்காமல் திரும்பிப் போனவள் நான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வரிசையில் நாற்பது பேராவது இருந்தோம். உங்களுக்கு வேலைப்பளு அதிகம், தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

நான் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று எந்தப் பாரத்தில் எந்த இடத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று காலையிலிருந்து இரவு வரை ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவளிடம் உங்கள் நர்ஸம்மா, "புருஷன் வந்து கையெழுத்துப் போட்டாத்தாம்மா பண்ணுவோம்" என்றார். நான் "சரிங்க மேடம்" என்றேன். எந்தப் பாரம், காட்டுங்கள் என்று கேட்கவில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலே சண்டைக்குப் போகிறவள் நான். அங்கே, அந்தப் பச்சைத் திரைக்குப் பக்கத்தில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு எனக்கு ஏழு வாரம்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நாக்பூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். திரும்பி வந்தாலும் இதைச் சொல்லக்கூடிய ஆள் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். என் இடது காதில் பாதிதான் கேட்கும். அவ்வளவு சொன்னால் போதும். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றாவது வேண்டாம் என்று நான் யோசித்த யோசனையை அளக்க உங்கள் ஸ்கேன் மிஷினில் இடம் கிடையாது.

ஸ்கேனுக்குப் போட்ட தேதி எட்டு நாள் கழித்து. அன்றைக்குப் போனால் மிஷின் ரிப்பேர். நான்கு நாள் கழித்து எடுத்தார்கள். ரத்த ரிப்போர்ட்டுக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். அடுத்த வியாழன் நீங்கள் மீட்டிங்கில். ஒவ்வொரு தடவையும் கடையை மூடிவிட்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டும். நடுவில் ஒருநாள் வராந்தாவில் நின்று, "அபார்ஷன் கேஸ் யாரு, உள்ள வா!" என்று ஒரு குரல். எங்கள் தெரு கிராம சுகாதார நர்ஸ் அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

கடைசியில் நீங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னது: "ஒன்பது வாரம் தாண்டிடுச்சு. மாத்திரைல முடியாது, சுத்தம்தான் பண்ணணும். ரெண்டு குழந்தை இருக்கில்ல? குடும்பக் கட்டுப்பாடும் சேர்த்துப் பண்ணிக்கறதுன்னா சொல்லு, அட்மிஷன் போடறேன். இல்லைன்னா வீட்டுக்காரரோட வா."

தாண்டவைத்தது யார், டாக்டரம்மா? நான் ஏழாவது வாரத்திலேயே வந்தவள்.

அப்புறம்தான் கருக்கலைப்புச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். என் கடையிலேயே பிரிண்ட் போட்டேன். 1971-ல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டம், என்னைவிட மூத்தது. பதினெட்டு வயது முடிந்து மனநலக் குறைவு இல்லாத பெண் என்றால் அவள் சம்மதம் ஒன்றே போதும் என்கிறது. கணவன் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. சம்மதப் படிவத்துக்குப் பெயர் பாரம் சி. பாரங்களோடு மாரடிக்கிறவள் என்பதால் அதை உற்றுப் பார்த்தேன். இன்னாரின் மகள் அல்லது மனைவி, வயது, விலாசம், என் கருவைக் கலைக்கச் சம்மதிக்கிறேன், இடம், தேதி, கையெழுத்து. அந்தக் கையெழுத்து என்னுடையது. காப்பாளருக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அது சிறுமிக்கும் மனநலம் குன்றியவளுக்கும். கணவன் கையெழுத்துக்கு ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை. நீங்கள் கேட்ட கையெழுத்தை நான் கொண்டுவந்திருந்தாலும் எங்கே போடச் சொல்லியிருப்பீர்கள்? ஓரத்திலா?

தன்னைக் கேட்காமல் மனைவி கலைத்துவிட்டாள் என்று நஷ்டஈடு கேட்டு ஒரு கணவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறார். 2017-ல் தள்ளுபடி செய்தார்கள். 2022 செப்டம்பர் 29-ல் அதே நீதிமன்றம், சட்டத்தில் இல்லாத குடும்பத்தார் சம்மதத்தையும் ஆவணங்களையும் டாக்டர்கள் கேட்பது வருந்தத்தக்கது என்று எழுதியே வைத்தது. கல்யாணம் ஆகாதவளுக்கும் உரிமை உண்டென்று சொன்ன தீர்ப்பு அது. கல்யாணம் ஆன எனக்குத்தான் உங்கள் வராந்தாவில் இல்லாமல் போனது. கலைத்துக்கொண்டவள் பெயரை டாக்டர் வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை என்ற பிரிவும் சட்டத்தில் இருக்கிறது. "அபார்ஷன் கேஸ்" என்று கூப்பிட்டவருக்கு அதை யாராவது சொல்லியிருப்பார்களா?

குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம் என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை, டாக்டரம்மா. அடுத்த வருஷம், அம்மா வந்து பிள்ளைகளோடு பத்து நாள் இருக்க முடிகிறபோது செய்துகொள்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். 2019-21 குடும்ப நல ஆய்வில், நாட்டில் மணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 37.9, கணவர் செய்துகொண்டது 0.3. வீட்டுக்காரரைக் கூட்டி வா என்றீர்களே, வந்திருந்தால் அவரிடம் அந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசியிருப்பீர்களா?

படிக்கப் படிக்க இன்னொன்றும் உறைத்தது. கருவைக் கலைப்பது இன்றைக்கும் குற்றப் பட்டியலில்தான் இருக்கிறது. 1860-ன் தண்டனைச் சட்டம் போய் புதிய நியாய சன்ஹிதா வந்தும், 88-ஆம் பிரிவில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தனக்குத் தானே கலைத்துக்கொள்கிற பெண்ணும் அதில் அடக்கம். 1971-ன் சட்டம் சொல்வதெல்லாம், இன்ன நிபந்தனைப்படி கலைத்த டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதுதான். உங்களைக் காப்பாற்ற எழுதின சட்டம். எனக்கு வழிவிடு என்று அது உங்களிடம் சொல்லவே இல்லை. அதனால்தான் "புருஷன் வரட்டும்" என்று உங்களால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது.

2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் நூற்றுக்கு 73, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் மாத்திரை வாங்கி முடித்துக்கொண்டவை. படிக்காதவர்கள், விழிப்புணர்வு இல்லை என்று கூட்டத்தில் பேசுவார்கள். இல்லவே இல்லை. வராந்தாவில் பெயர் சொல்லிக் கூப்பிடாத இடம் மருந்துக்கடைதான், அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு மாத்திரைக் கட்டம் தாண்டிவிட்டதே. தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதினான்காயிரம். மகளின் கம்மலையும் என் வளையல் ஒன்றையும் அடகு வைத்தேன். சேட்டுக் கடையில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு சீட்டைத் திருப்பி, "இங்க ஒரு சைன் போடும்மா" என்றார். போட்டேன். வீட்டுக்காரர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. நகையைப் பறிகொடுக்க என் கையெழுத்து செல்லும். சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரியிலும் பணம் கட்டின ரசீதை மட்டும் பார்த்துவிட்டு என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்ப வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசிருக்கும். கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றாள். அப்புறம், "அக்கா, எங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுக்கற மாதிரி ஒரு லெட்டர் அடிச்சுத் தரீங்களா? பெரியாஸ்பத்திரில கேக்கறாங்க" என்றாள். எத்தனை வாரம் என்றேன். எட்டு.

பாரம் சி-யை எடுத்துக் காட்டினேன். இதெல்லாம் தேவையில்லம்மா, உன் கையெழுத்தே போதும், சட்டம் இருக்கு, தீர்ப்பு இருக்கு என்று பிரிண்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "இதைக் காட்டினா இன்னைக்கே பண்ணுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. லெட்டரை அடித்தேன். 'என் மனைவிக்குக் கருக்கலைப்புச் செய்ய எனக்கு முழுச் சம்மதம்.' கையெழுத்து யார் போடுவது என்று கேட்டபோது அவள் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தாள்.

அந்தக் காகிதம் இப்போது உங்கள் ஃபைலில் இருக்கும், டாக்டரம்மா. யாருடையது என்று சொல்லமாட்டேன். தேடிப் பார்த்தால் தெரியும்: இடது கையால் போட்டதால் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும்.