வரிசை நிற்கும் ஊர்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து சங்க வாசகசாலையின் படியிறங்கும்போது பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். லண்டனில் வாழும் மகளைக் காணப் புறப்பட இருப்பவர் அவர். “தம்பி, நீங்கள் ரயில்வேக்காரர் ஆயிற்றே! லண்டனிலிருந்து பாரிசுக்கு ரயில் ஏறுவதற்கும் இனிக் கைரேகை பதிய வேண்டுமாமே, உண்மைதானா?” என்று கேட்டார். “விசாரித்துச் சொல்லுகிறேன், ஐயா” என்றேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்நாடுகளில் இருப்பதால், விசாரித்து அறிந்தவற்றை அன்பர்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் 29 நாடுகள் தங்களுக்குள் ஒரே எல்லையாக இணைந்துள்ளன. வெளிநாட்டார் அந்த எல்லையைக் கடக்கும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்துவது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் கணிப்பொறியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கியது. படிப்படியாக விரிவாக்கி 2026 ஏப்ரல் 10க்குள் நிறைவேற்றுவதென்று திட்டம் வகுத்தனர். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்குவோரைக் கண்டறிவது இதன் நோக்கங்களுள் ஒன்று.

இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, பிரெஞ்சு அதிகாரிகள் டோவர் துறைமுகத்திலும், போக்ஸ்டனில் உள்ள சுரங்க ரயில் முனையத்திலும், லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலும் இங்கிலாந்து மண்ணிலேயே அமர்ந்து சோதனை செய்கின்றனர். ஆகவே சட்டம் பிரஸ்ஸல்ஸில் பிறந்தாலும், அதனால் நீளும் வரிசை இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துச் சாலைகளில்தான் நிற்கும்.

வரிசையின் கணக்கைச் சீட்டுச் சாளரத்தில் அமர்ந்தவன் என்ற முறையில் நான் அறிவேன். மணிக்கு 60 பேர் வருகின்றனர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் கூட்டம் சேராது. புதிய விதியால் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 240 பேர் வருவர். 120 பேரே சாளரத்தைக் கடப்பர். எஞ்சிய 120 பேரில் கடைசியில் நிற்பவர் இன்னும் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கூடியது ஒரே ஒரு நிமிடந்தான்!

கென்ட் மக்கள் இதைப் பட்டறிந்தவர்கள். 2023 ஏப்ரல் தொடக்கத்தில், ஈஸ்டர் விடுமுறைக்குப் புறப்பட்ட பேருந்துகள் டோவரில் இரவு முழுவதும் நின்றன. புதிய முறை வந்தால், மிக மோசமான நிலையில் 14 மணி நேரம் வரையிலும் காத்திருக்க நேரிடலாம் என்று ஆஷ்போர்டு நகராட்சி 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதி எச்சரித்தது. தொடக்க நாள் பன்முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் உள்ளூர் மன்றங்கள் தங்கள் ஏற்பாடுகளை மீண்டும் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

அவர்கள் என்ன செய்தனர்? மாவட்ட மன்றம், நகராட்சிகள், காவல்துறை, தீயணைப்புப் படை, மருத்துவத் துறை ஆகிய யாவும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் அவசரகால அமைப்பு ஒன்று அங்கே உண்டு. துறைமுகம் நோக்கிச் செல்லும் எம்-20 நெடுஞ்சாலையில் லாரிகளை ஒரு பக்கத்தில் நிறுத்தி, மறுபக்கத்தை இரு திசைப் போக்குவரத்துக்கும் திறந்துவிடும் ‘ஆபரேஷன் பிராக்’ என்ற ஏற்பாடு 2019 முதல் உள்ளது. டோவரில் பேருந்துப் பயணிகளை மேற்குத் துறையிலேயே சோதித்து முடித்து, பேருந்தை முத்திரையிட்டுக் கப்பலுக்கு அனுப்பும் இடம் அமைத்தனர். புதிய முறையையும் அங்கே முதலில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் மட்டுமே தொடங்கினர்.

ஆயினும், இவற்றினும் சிறிய ஏற்பாடுகளே என் மனத்தில் நின்றன. 2020 டிசம்பரில் கொள்ளைநோயின் பொருட்டுப் பிரான்ஸ் திடீரென எல்லையை மூடியபோது, ஆயிரக்கணக்கான லாரி ஓட்டுநர்கள் கென்ட்டில் சிக்கிக்கொண்டனர். அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டவை உணவும் தண்ணீரும் கழிப்பிடமுமே. கிரேவ்ஸெண்ட் நகரத்துச் சீக்கிய குருத்வாராவில் சமைத்த உணவு அவர்களுக்குச் சென்றது. எல்லையை மூடும் ஆணையில் இந்த உணவுக்கு ஒரு வரியும் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த இரவில் மனிதர்களைத் தாங்கியது அதுவே.

இதை எழுதும்போது என் பழைய நிலையம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு கோடையில், படிவத்தில் இன்னும் ஒரு விவரம் கேட்டு எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. ஆணை குறித்த நாளில் தவறாமல் வந்தது. ஆனால் வரிசை வாசலுக்கு வெளியே வெயிலுக்குள் நீளும் என்று எவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. முதல் நாள் நண்பகலில் ஒரு முதியவர் மயங்கி விழுந்தார். அருகில் ஒரு குடம் தண்ணீர் இல்லை. சுமை தூக்கும் தோழர் ஒருவர் ஓடிச்சென்று கொணர்ந்தார். முதியவர் கண் விழித்ததும், “என் இடம் போய்விடுமோ?” என்றுதான் கேட்டார். மறுநாள் நானே ஒரு பானை வாங்கி வாசலில் வைத்தேன். முந்தின நாளே வைத்திருக்கலாம்.

விதிகள் வேண்டாம் என்பதன்று என் கருத்து. எந்த நாடும் தன் வாசலைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் விதி வகுப்போர், வரிசை நிற்கப்போகும் ஊரை முதலில் அழைத்துக் கேட்க வேண்டும். ஆம்புலன்சு எந்த வழியே போகும், பள்ளிப் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவர், தண்ணீர்க் குழாய் எங்கே உள்ளது என்பவை அவ்வூராருக்கே தெரியும்.

இனி, பெரியவரின் கேள்விக்கு விடை. ஐயா, தாங்கள் விசா பெறும்போது கொடுக்கும் கைரேகையே ஐரோப்பியப் பதிவில் இருக்கும். எல்லையில் அதை மீண்டும் புதிதாகப் பதிவு செய்வதில்லை. ஒத்துப் பார்க்கக் கேட்கலாம். முதன்முறை முகப்படம் எடுப்பர். 12 வயதுக்குட்பட்ட பேரக்குழந்தைக்குக் கைரேகை இல்லை, படம் உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது. எவரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ரயில் புறப்படும் நேரத்துக்கு மிக முன்னதாகவே நிலையம் சென்றுவிடுங்கள். கையில் ஒரு புட்டித் தண்ணீரும் இருக்கட்டும்.