கைதிக்கு யார் பொறுப்பு?



ஈராக்கில், பாக்தாத் நகருக்குப் பக்கத்தில் இருந்தது அபு கிரைப் சிறை. 2003-இல் ஈராக்கைப் பிடித்த அமெரிக்கப் படை, ஆயிரக்கணக்கானவர்களை அங்கே அடைத்தது. 2004 ஏப்ரலில் அந்தச் சிறைக்குள் எடுத்த படங்கள் வெளியே வந்தன. கைதிகளின் துணியை உருவி, நாயைக் காட்டி மிரட்டி, பக்கத்தில் நின்று சிரிக்கிறார்கள் சிப்பாய்கள். உலகமே அதிர்ந்து போச்சு!

சில சிப்பாய்கள் செய்த தப்பு என்றது அமெரிக்க அரசு. 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதிகபட்சம் 10 வருஷம். ஒரு ஜெனரல் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். மேலே இருந்த பெரியவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அதோடு கணக்கு முடிஞ்சுதா? இல்லை என்பதே என் கருத்து.

1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் என்ன சொல்கின்றன? பிடிபட்டவர் போர்வீரரோ, பொதுமக்களோ, அவரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அவரைப் பிடித்து வைத்திருக்கும் நாடுதான் பொறுப்பு. தப்பு செய்த ஆளைத் தண்டித்தாலும் நாட்டின் பொறுப்பு தீராது. இதில் அமெரிக்காவும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. துணியைக் களைவது, நாயைக் காட்டிப் பயமுறுத்துவது போன்ற முறைகளைக் குவாண்டனாமோ சிறையில் பயன்படுத்தலாம் என்று 2002 டிசம்பரில் கையெழுத்துப் போட்டவர் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்ட். அடுத்த மாதமே அதை வாபஸ் வாங்கினார். ஆனால் அந்த முறைகள் ஈராக் வரை பரவிவிட்டன. அபு கிரைப் கொடுமை சில சிப்பாய்கள் தாங்களாகவே செய்தது மட்டும் அல்ல என்று அமெரிக்க செனட் குழுவே 2008-இல் சொன்னது.

நம்ம வகுப்பையே எடுத்துக்குங்க. லீடர் கையில் பிரம்பைக் கொடுத்து, "எப்படியாவது அடக்கி வை" என்று சொல்லிட்டு ஆசிரியர் போய்விட்டால், விழுந்த அடிக்கு லீடர் மட்டுமா பொறுப்பு?

"எதிரிக்கு எதுக்கு இரக்கம்?" என்று சிலர் கேட்கலாம். ஈராக்கில் பிடிபட்டவர்களில் 100-க்கு 70 முதல் 90 பேர் தவறுதலாகப் பிடிக்கப்பட்டவர்கள் என்று ராணுவ உளவு அதிகாரிகள் சிலரே செஞ்சிலுவைச் சங்கத்திடம் சொன்னார்கள். அப்படியே எதிரியாக இருந்தாலும், கைதி கையில் ஆயுதம் ஏது? அவருடைய சோறும் தண்ணியும்கூட அரசின் கையில்தானே இருக்கு!

2024-இல் மூன்று முன்னாள் கைதிகளுக்கு 4.2 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி அமெரிக்க நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அதுவும் அரசுக்கு எதிராக இல்லை, அந்தச் சிறையில் வேலை பார்த்த தனியார் நிறுவனத்துக்கு எதிராக!

சிந்தியுங்கள் நண்பர்களே! சிறைச் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் உள்ளே நடப்பதற்குப் பதில் சொல்லணும்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு