சுவாசமுள்ள இசை



1905-இல், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை வாங்கி, இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊர் ஊராகக் காண்பித்தார். படங்கள் பேசாத அந்நாட்களில், கொட்டகைகளில் திரையருகே அமர்ந்த வாத்தியக்காரரே அவற்றுக்குக் குரல் கொடுத்தார்கள். அம்முறை இன்னும் மறையவில்லை. தாஜ்மகால் கதையைச் சொல்லும் 'ஷிராஸ்' என்னும் 1928-ஆம் ஆண்டு மௌனப்படம் 2017-இல் லண்டனில் திரையிடப்பட்டபோது, அனுஷ்கா சங்கர் தாம் அமைத்த இசையைக் குழுவினரோடு அரங்கிலேயே வாசித்தார். பதிவுசெய்த இசையே போதுமென்று அவர்கள் எண்ணவில்லை. காண்போரும் வாசிப்போரும் ஒரே இடத்தில், ஒரே காட்சியின்முன் கூடியிருந்தார்கள்.

நம் சபைகளிலோ, பாடகர் குழுவைக் கூட்டுவது கடினமென்று பதிவிசையை ஒலிக்கவிட்டுப் பாடும் வழக்கம் பெருகிவருகிறது. இது நமக்கு நன்மையல்ல என்பதே என் துணிபு. இளையராஜாவைத் தந்த பண்ணைப்புரத்துக்கு அண்டையிலிருக்கிற தேவாரத்தில் இசையறிந்த கைகளுக்குப் பஞ்சமா? ஏலத்தோட்டத்தில் வாரமெல்லாம் உழைத்து மலையிறங்கி வருகிறவருடைய தாளம் சிலவேளை தப்பலாம். பதிவிசை தப்பாது, ஆனால் அது சபையின் முகத்தைப் பார்க்காது. துக்கவீட்டார் முன்வரிசையில் அமர்ந்திருந்தாலும் அதன் வேகம் குறையாது.

150-ஆம் சங்கீதம் எக்காளம் முதல் கைத்தாளம்வரை கருவிகளை வரிசையாக அழைத்து, முடிவில் சுவாசமுள்ளவர்களிடமே வந்து நிற்கிறது. வீட்டில் தூசிபடிந்த ஆர்மோனியமோ தபலாவோ இருந்தால், வருகிற ஞாயிறு ஆராதனைக்கு எடுத்துவாருங்கள்.

ஆண்டவரே, எங்கள் தளர்ந்த கைகளின் துதியை ஏற்றுக்கொள்ளும். ஆமென்.