அஞ்சு அஞ்சு மூட்டையாக

போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரைப் பார்த்தேன். "சார், எஃப்.டி. வட்டி மருந்துக்கே சரியாப் போகுது. பையன் ஷேர் வாங்கச் சொல்றான். இப்ப வாங்கலாமா, இன்னும் இறங்குமா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்கு குரு என் அப்பாதான். ஷேர் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. திருச்சுழிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. ஐப்பசி மழையை நம்பி மல்லி விதைப்போம். தை, மாசியில் அறுப்பு. எல்லார் களத்துக்கும் ஒரே நேரத்தில் மல்லி வந்து சேருவதால் விருதுநகர் மார்க்கெட்டில் விலை படுத்துவிடும்.

20 மூட்டை கிடைத்தால் அப்பா 5 மூட்டையை உடனே போட்டுவிடுவார். உரக்கடை பாக்கியும் அறுப்புக் கூலியும் அதில் தீரும். மீதியை வீட்டில் அடுக்கி வைப்பார். விலை ஏறினால் அஞ்சு மூட்டை, இன்னும் ஏறினால் இன்னும் அஞ்சு. ஒரு வருஷம் கடைசி அஞ்சு மூட்டையைக் கொடுத்த மறு வாரமே விலை எகிறிவிட்டது. அம்மா சத்தம் போட்டார்கள். "உச்சி விலை எவனுக்குத் தெரியும்? வாங்குறவனுக்கும் ரெண்டு காசு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

ஷேரிலும் இதே கணக்குதான். ஒரு பங்கை 400 ரூபாயில் 100 வாங்குகிறீர்கள். 360க்கு இறங்கினால் இன்னொரு 100. 320க்கு வந்தால் மூன்றாவது 100. மொத்தம் 300 பங்கு, போட்டது 1,08,000, சராசரி 360. விலை திரும்ப 400 வந்ததும் 100 பங்கை விற்றால் 40,000 வரும். 440இல் இன்னொரு 100 விற்றால் 44,000. கையில் மிஞ்சும் 100 பங்கின் அடக்கம் 24,000, அதாவது ஒன்று 240 ரூபாய். அதற்குப் பிறகு விலை ஆடினாலும் நமக்குத் தூக்கம் கெடாது.

இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை அதிகம். ஓய்வுபெற்ற பணத்தில் ஒரு பகுதியை 2008 ஜனவரியில் ஒரே நாளில் போட்டேன். சென்செக்ஸ் 21,000ஐத் தொட்ட நேரம் அது. அக்டோபரில் 8,000க்குக் கீழே போய் வந்தது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை மறந்ததற்குத் தண்டனை.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்து செய்தது. என்னிடம் இருந்த ஒரு கம்பெனிப் பங்கு இறங்கிக்கொண்டே இருந்தது. 'சராசரி குறையுதே' என்று 90இல் வாங்கினேன், 60இல் வாங்கினேன், 35இலும் வாங்கினேன். கம்பெனிக்குக் கடன் ஏறிக்கொண்டே போவதை நான் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பங்கைக் கேட்க ஆளில்லை. மூன்று வருஷம் பென்ஷனில் மிச்சம் பிடித்தது போனது.

அப்போதுதான் அப்பா செய்த இன்னொரு காரியம் நினைவுக்கு வந்தது. வாரம் ஒரு முறை மூட்டையில் கை விட்டு மல்லியை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்ப்பார். வண்டு விழுந்த மூட்டை என்றால் விலை பார்க்க மாட்டார், அன்றைக்கே தள்ளிவிடுவார். சரக்கு நல்லதாக இருந்தால்தான் காத்திருக்கலாம். விலை இறங்குவது வேறு, வண்டு விழுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் பகுதி பகுதியாக வாங்கினால் பகுதி பகுதியாகத்தான் இழப்பார்கள்.

2020 மார்ச் 23இல் சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்தது. அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. கையிலிருந்த பணத்தை ஐந்து பங்காகப் பிரித்து, வரும் வாரங்களில் மூன்று பங்குக்கு மட்டும் வாங்கினேன். அதற்குள் விலை ஏறிவிட்டது. மீதி இரண்டு பங்குப் பணம் பேங்கிலேயே கிடந்தது. வருத்தமில்லை.

நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பேங்க் ஒன்றையே பாருங்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் பேங்காகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கண்டைல் பேங்க், 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்த விலைக்குக் கீழேயும் போனது, மேலேயும் வந்தது. வாங்குங்கள் என்று சொல்லவில்லை. நல்ல பெயருள்ள பங்கும் ஊஞ்சல் ஆடும் என்பதற்குச் சொல்கிறேன்.

அடிக்கடி வாங்கி விற்பதும் ஆகாது. ஒரு வருஷத்துக்குள் விற்றால், 2024 ஜூலை 23 முதல், லாபத்தில் 20 சதவீதம் வரி. புரோக்கர் கமிஷன் தனி.

என் கருத்து இதுதான். நம் ஆட்களுக்கு ஏலச்சீட்டுக் கட்டிய பழக்கம் இருப்பதால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக விற்கத்தான் மனசு வருவதில்லை. ஏறும்போது இன்னும் ஏறும் என்கிறோம், இறங்கினால் திரும்ப வரட்டும் என்கிறோம். விற்றுக் கைக்கு வந்த காசுதான் லாபம்.

ஆகவே நண்பரே, ஐந்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். அதையும் அஞ்சாகப் பிரியுங்கள். மருந்துக்கு ஆகிற எஃப்.டி.யைத் தொடாதீர்கள். அது முதல் அஞ்சு மூட்டை.